ஊருக்குள்ள ஓரினத் திருமணம் பத்தி சர்வே எடுக்கப் போறீங்களா, முதல்ல இத வாசிச்சிட்டுப் போங்க

கம்பஸ்ல கடைசி வருஷம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் அடிக்கடி வந்து கேப்பாங்க, அக்கா, ஓரினத் திருமணத்தப் பத்தி, அதான் ஆம்புளையும் ஆம்புளையும் இல்லாட்டி பொம்புளையும் பொம்புளையும் கட்டுற கல்யாணத்தப் பத்தி, மட்டக்களப்புச் சனம் என்ன நினைக்குது எண்டு ஒரு சர்வே செய்யப் போறம், அதோட கோர்ட், பொலிஸ், பேப்பர், டிவி இதுகள எவ்வளவு நம்புறாங்க எண்டும் கேக்கப் போறம், ஃபோம் ஒண்டு எழுதித் தாங்க எண்டு. ஃபோம் எழுதுறது அரை நாள் வேலை. அதக் கொண்டுபோய் ஆருக்கிட்ட, எந்த நேரத்தில, ஆரு பக்கத்தில இருக்கக்குள்ள கேக்கிறது எண்டதுதான் மிச்ச வேலை முழுக்க. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரை, கிழக்கால எழுவான்கரை எண்ட ரெண்டு பக்கமும், அங்கால கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் மட்டும் வீடு வீடாப் போய் கேள்வி கேட்டுக் கேட்டே வயசு போன ஆள், அதால எனக்குத் தெரிஞ்சத சொல்லுறன்.

முதல்ல ஒரு கதை. படுவான்கரையில ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு அம்மம்மாட்ட இந்தக் கேள்வியக் கேட்டன், பக்கத்தில மகன் இருந்தாரு, மருமகள் தேத்தண்ணி கொண்டு வந்து தந்துட்டு கதவு நிலையில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தா. அம்மம்மா ஒரே சொல்லில, அதெல்லாம் பெரிய பாவம் மகள், அப்பிடியான கதை எங்கட ஊரில இல்ல எண்டு சொல்லிட்டா, நானும் எதிர்ப்பு எண்டு கோடு போட்டன். மறுகா நான் வெளிக்கிடக்குள்ள வளவு வாசல் கடப்படி வரைக்கும் என்னோட வந்தா. வந்து என்ட கையப் புடிச்சிக்கொண்டு, என்ட தங்கச்சிட மகன் ஒருத்தன் வெளிநாட்டில ஒரு பொடியனோடதான் குடும்பமா இருக்கான், எல்லாருக்கும் தெரியும் ஆரும் கதைக்கிறல்ல, அவன் நல்லா இருந்தா எனக்குப் போதும் மகள் எண்டா. எந்தப் பதில் உண்மை? என்னைக் கேட்டா ரெண்டும் உண்மைதான். ஆனா ஃபோமில விழுந்தது திண்ணைப் பதில் மட்டும்தான். அண்டைக்குப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சு, இந்தக் கேள்விக்கு எங்கட ஊரில வாற பதில் பாதி அபிப்பிராயம், மிச்சப் பாதி கேக்கிற ஆளில இருக்கிற நம்பிக்கை. அதால நம்பிக்கையப் பத்தின கேள்விய வேற ஒரு தலைப்பா நினைக்காதீங்க, ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு கிடக்கு.

சரி, வேலைக்கு வருவம்.

என்னத்தக் கேக்கிறீங்க எண்டத முதல்ல பிரிச்சு எடுங்க. ஓரினத் திருமணத்துக்கு ஆதரவா எதிர்ப்பா எண்டு ஒரே கேள்வியா கேட்டா நாலு கேள்விக்குரிய பதில் ஒரு பெட்டிக்குள்ள வந்து விழும். இப்பிடியான ஆக்கள ஜெயில்ல போடணுமா எண்டது ஒரு கேள்வி. ரெண்டு பொம்புளையள் இல்லாட்டி ரெண்டு ஆம்புளையள் சேந்து வாழ்ந்தா ஊர் தொந்தரவு குடுக்கலாமா எண்டது இன்னொண்டு. அவங்கட சேர்க்கைய அரசாங்கம் பதியணுமா எண்டது வேற, கோயில்லயோ சேர்ச்சிலயோ பள்ளியிலயோ நடத்தி வைக்கணுமா எண்டது முழுக்க வேற. ஜெயிலும் வேணாம் கல்யாணமும் வேணாம் எண்டு சொல்லுற ஆக்கள நான் எத்தினையோ பேரக் கண்டிருக்கன், ஒரே கேள்வியில அவங்க எல்லாரும் ஒரேயடியா எதிர்ப்புப் பக்கம் போயிடுவாங்க.

இந்தப் பிரிப்பு சட்டத்திலயும் இருக்கு. எங்கட நாட்டில 1883ம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவையில ஒரே பால் ஆக்கள்ட உறவக் குற்றமாக்கிற 365, 365அ எண்டு ரெண்டு பிரிவு இன்னும் கிடக்கு, 1995ல திருத்தக்குள்ள அத எடுக்கிறதுக்குப் பதிலா பொம்புளையளும் அதுக்குள்ள வாற மாதிரி ஆக்கினாங்க. 2023ல அந்தக் குற்றத்த எடுக்க ஒரு தனிநபர் மசோதா வந்திச்சு, அது அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு உயர் நீதிமன்றம் அந்த வருஷம் மே மாசம் சொல்லிச்சு, ஆனா பார்லிமெண்ட் 2024ல கலைய மசோதா நிறைவேறாமலே போச்சு. கவனிங்க, அந்த மசோதாவில கல்யாணம் எண்ட பேச்சே இல்ல. ஆனா அந்த நேரம் நான் கதைச்ச சனத்தில கனபேர் "ஆம்புளையும் ஆம்புளையும் கல்யாணம் கட்டச் சட்டம் வருதாமே" எண்டுதான் என்னட்டக் கேட்டாங்க. அதால கேள்வி கேக்க முதல் ஆளுக்கு சட்டத்தில என்ன இருக்கு எண்டு தெரியுமா எண்டு ஒரு சின்னக் கேள்வி வைங்க. பிழையா விளங்கின ஆள் சொல்லுற எதிர்ப்பும் சரியா விளங்கின ஆள் சொல்லுற எதிர்ப்பும் ஒண்டில்ல. இந்தியாவிலயும் இப்பிடித்தான், 2018 செப்டம்பர்ல குற்றமில்ல எண்டு சொன்ன அதே சுப்ரீம் கோர்ட் 2023 ஒக்டோபர்ல கல்யாணத்த அங்கீகரிக்க நாங்க ஏலாது, அது பார்லிமெண்ட் வேலை எண்டு சொல்லிட்டு.

அடுத்தது சொல்லு. ஓரினச்சேர்க்கை எண்டு எழுதினீங்களெண்டா அந்தச் சொல்லுக்குள்ளயே தீர்ப்பு இருக்கு, கேட்ட உடன ஆக்கள் முகத்தச் சுழிப்பாங்க. தன்பாலினத்தவர் எண்டா கம்பஸ் ஆக்களுக்கு விளங்கும், வயக்காட்டால வாற ஒரு ஐயாவுக்கு விளங்காது, கனபேர் திருநங்கையளத்தான் சொல்லுறீங்க எண்டு நினைச்சுப் பதில் சொல்லுவாங்க. திருநங்கை திருநம்பி ஆக்களுக்கு 2016ல இருந்து பதிவாளர் நாயகம் திணைக்களம் பால்நிலை மாத்திப் பதியிற வழி ஒண்டு வைச்சிருக்கு, அது வேற விசயம், ரெண்டையும் கலக்க விடாதீங்க. நான் இப்ப பட்டம் எதுவும் வைக்காம நேராச் சொல்லுறன், "ஒரு ஆம்புளை இன்னொரு ஆம்புளையோட, இல்லாட்டி ஒரு பொம்புளை இன்னொரு பொம்புளையோட, விரும்பிச் சேந்து வாழுறாங்க, அவங்கட சேர்க்கைய அரசாங்கம் பதிஞ்சு குடுக்கலாமா" எண்டு. நீளம்தான், ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்குது.

கல்யாணம் எண்ட சொல்லையும் லேசா எடுக்க வேணாம். எங்கட பக்கம் கல்யாணம் எண்டா வீடும் வளவும்தான், தாய்வழிக் குடிதான், அதாவது தாய்ட வம்சம்தான். மாப்பிள்ளை பொம்புளைட வீட்டுக்குத்தான் வாறாரு, வீடு மகள்ட பேரில எழுதுறது, தமிழ் ஆக்கள்லயும் அப்பிடித்தான் காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்கள்லயும் அப்பிடித்தான். ஒரு பெரியம்மாட்ட இந்தக் கேள்வியக் கேக்க, பாவம் புண்ணியம் ஒண்டும் சொல்லல்ல, "ரெண்டும் பொடியன் எண்டா வீடு ஆருட பக்கம்? குடி எது?" எண்டுதான் கேட்டா. சும்மா கேக்கல்ல, உண்மையா யோசிச்சுக் கேட்டா. இப்பிடிப் பதில் வந்தா ஃபோமில ஓரமா அப்பிடியே எழுதுங்க, ஆதரவு எதிர்ப்பு எண்ட பெட்டிக்குள்ள அத அமத்தாதீங்க. அமெரிக்காவில அவுஸ்திரேலியாவில பாவிச்ச கேள்வியத் தமிழாக்கிக் கொண்டு வந்தா இந்தப் பெரியம்மாட கேள்விக்கு அதில இடமே இருக்காது.

நம்பிக்கைக் கேள்விக்கு வருவம். "நிறுவனங்கள நம்புறீங்களா" எண்டு கேக்கவே வேணாம், நிறுவனம் எண்டா சனம் என்ஜிஓ எண்டுதான் நினைக்கும். நம்பிக்கை எண்ட சொல்லே எங்கட பாசையில கடவுள் நம்பிக்கைக்கும் போகும், நல்லது நடக்கும் எண்ட எதிர்பார்ப்புக்கும் போகும். அதால ஒவ்வொண்டாப் பேர் சொல்லி, ஒரு வேலையோட சேத்துக் கேளுங்க. உங்கட வீட்டில களவு போனா பொலிஸ் நேர்மையா விசாரிக்கும் எண்டு நினைக்கிறீங்களா. காணி வழக்கெண்டா கோர்ட்டில நியாயம் கிடைக்குமா. ஜிஎஸ், அதான் கிராம சேவகர், நிவாரண லிஸ்ட்ட நேர்மையாப் போடுவாரா. கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகம் பாக்கிற மரைக்காயர், சேர்ச் ஃபாதர், பெரியாஸ்பத்திரி, பள்ளிக்கூட அதிபர் எல்லாரையும் தனித்தனியா வைங்க. பதிலுக்கு நாலு படி போதும், முழுசா நம்புறன், ஓரளவு, பெரிசா இல்ல, அறவே இல்ல. நடுவில ஒண்டு வைச்சா எல்லாரும் அதிலதான் போய் நிப்பாங்க. ஆனா தெரியாது, சொல்ல விருப்பமில்ல எண்ட ரெண்டுக்கும் தனித்தனிப் பெட்டி கட்டாயம் வேணும், எங்கட ஊரில சொல்ல விருப்பமில்ல எண்டதே பெரிய பதில்.

மீடியாவையும் ஒரே மூட்டையாக் கட்டாதீங்க. ரேடியோ, டிவி, தமிழ்ப் பேப்பர், பேஸ்புக் பக்கம், யூடியூப், வாட்ஸ்அப் குரூப்பில வாற குரல் பதிவு எல்லாத்தையும் தனியாக் கேளுங்க. "டிவிய நம்பமாட்டன், ஆனா வெளிநாட்டில இருக்கிற மகன் அனுப்பினா நம்புவன்" எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர், அவங்க நம்புறது வாட்ஸ்அப்ப இல்ல, மகனை. அது வேற கணக்கு. நான் இன்னொரு கேள்வியும் வைக்கிற, இந்த விசயத்தப் பத்தி நீங்க கடைசியா எங்க கேள்விப்பட்டீங்க எண்டு. ஆதரவா எதிர்ப்பா எண்டதவிட இந்தப் பதில்தான் எனக்குக் கூட விசயம் சொல்லித் தந்திருக்கு.

ஆருக்கிட்டக் கேக்கிறது? பேஸ்புக்கில வோட் போட்டா ஆயிரம் பேர் வருவாங்கதான், ஆனா அது உங்கட ஃப்ரெண்ட்ஸ்ட அபிப்பிராயம், மட்டக்களப்புட அபிப்பிராயம் இல்ல. 1936ல அமெரிக்காவில ஒரு பத்திரிகை 20 லட்சத்துக்கு மேல பதில் சேத்தும் ஜனாதிபதித் தேர்தல்ல வெல்லுற ஆளைப் பிழையாச் சொன்னது, ரூஸ்வெல்ட் தோப்பாரு எண்டாங்க, அவரு அள்ளிக்கொண்டு போனாரு. கார், டெலிபோன் வைச்சிருந்த ஆக்கள்ட லிஸ்ட்டிலதான் கூட ஆக்கள எடுத்திருந்தாங்க, கார் டெலிபோன் இல்லாத சனம் அந்தக் கணக்கில சரியா வரல்ல. எத்தினை பேர் எண்டத விட எப்பிடி எடுத்த ஆக்கள் எண்டதுதான் பெரிசு. ஜிஎஸ் பிரிவுகள சீட்டுக் குலுக்கி எடுங்க, எடுத்த ஊரில ஒரு சந்தியில இருந்து தொடங்கி ஒவ்வொரு அஞ்சாவது வீடாப் போங்க. வீட்டுக்குள்ள கதைக்க ஆசைப்படுற ஆள்ட கேக்காம, 18 வயசுக்கு மேற்பட்ட ஆக்கள்ல கடைசியா ஆருக்குப் பிறந்தநாள் வந்ததோ அந்த ஆள்ட கேளுங்க. ஆள் வயலுக்குப் போயிட்டாரு எண்டா மறுகா ஒருக்கா வாங்க, பக்கத்து வீட்டுக்குத் தாவினா பகல்ல வீட்டில இருக்கிற ஆக்கள்ட கதை மட்டும்தான் வந்து சேரும். 2012 சென்சஸ்படி மட்டக்களப்பு மாவட்டத்தில ஏறக்குறைய 526,000 பேர், அதில கால்வாசி முஸ்லிம் ஆக்கள், அம்பாறையில கிட்டத்தட்ட 649,000 பேர், அங்க முஸ்லிம், சிங்களம், தமிழ் எண்ட வரிசையில ஆக்கள் இருக்காங்க. நீங்க தமிழ் ஊர் மட்டும் போயிட்டு அம்பாறை மக்கள் எண்டு தலைப்புப் போட்டீங்களெண்டா அது பிழை, போன ஊர்ட பேரை அப்பிடியே எழுதுங்க.

எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு சொல்லித் தாறன். 100 பேர்ட கேட்டா உங்கட வீதம் 10 அங்கால இஞ்சால ஆடும், 400 பேர் எண்டா 5, 1000 பேர் எண்டா 3. 100 பேர்ல 30 வந்தா உண்மையில 20 ஆவும் இருக்கலாம் 40 ஆவும் இருக்கலாம்.

நேரம் பாத்துப் போங்க. மாரிப்போக அறுவடை நேரம் படுவான்கரையில வீட்டில ஆளே கிடைக்காது. வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து கடைசிச் சடங்கு குளுத்தி முடியிற வரைக்கும் இந்தக் கதைய எடுக்கவே வேணாம், நோன்பு நேரம் பின்னேரத்தில முஸ்லிம் வீடுகளுக்குப் போகாதீங்க, ஞாயிறு காலமை சேர்ச் ஆக்கள விட்டிருங்க. பொம்புளையளிட்டப் பொம்புளையள் போங்க, முஸ்லிம் ஊருக்கு அந்த ஊர்த் தங்கச்சி ஒராளக் கூட்டிக்கொண்டு போங்க. ஜிஎஸ்ஸுக்கு முன்கூட்டியே சொல்லுங்க, ஆனா அவரக் கூட்டிக்கொண்டு போகாதீங்க, ஜிஎஸ் பக்கத்தில நிக்க அவர நம்புறீங்களா எண்டு ஆரு சொல்லுவா?

இத ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா எங்கட சனம் ஃபோம் நிரப்பி நிரப்பிக் களைச்ச சனம். சண்டைக்குள்ள காணாமப் போன புள்ளைக்கு ஒரு ஃபோம், 2004 சுனாமிக்கு ஒரு ஃபோம், வெள்ளத்துக்கு வருஷா வருஷம் ஃபோம், 2010ல நல்லிணக்க ஆணைக்குழு வந்து கேட்டது, மறுகா இன்னொரு ஆணைக்குழு, 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு வேற விசாரணை. புள்ள எங்க எண்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லாத தாய்மாரிட்ட நீங்க போய் கோர்ட்ட நம்புறீங்களா எண்டு கேக்கிறீங்க. அவசரப்படாம இருங்க, தந்த தேத்தண்ணியக் குடிங்க, நீங்க ஆரு, எதுக்குக் கேக்கிறீங்க, காசு நிவாரணம் ஒண்டும் இதால வராது எண்டு முதல்லயே நேர்மையாச் சொல்லுங்க. பேர் எழுத வேணாம், ஐடி நம்பர் வேணாம், போன் நம்பர் வேணாம், வீட்டுப் போட்டோ எடுக்கவே வேணாம். 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்பிடியான விசயங்கள வேற தரவு மாதிரி லேசா எடுக்க விடுறல்ல. நீங்க அப்பிடியான ஆளா எண்டு ஒருநாளும் ஆரிட்டயும் கேக்காதீங்க, சந்தேகமா ஒரு பார்வை கூட வேணாம். 365 இன்னும் புத்தகத்தில இருக்கு, ஒரு பொடியன்ட வாழ்க்கை உங்கட கிளிப்போர்ட்டில தொங்கக் கூடாது.

வெக்கத்துக்கும் பயத்துக்கும் ஒரு வழி இருக்கு, காசு சுண்டுறது. ஆள்ட கையில ஒரு ரெண்டு ரூபாய்க் குத்தியக் குடுங்க, நீங்க திரும்பி நில்லுங்க. தலை விழுந்தா உண்மை என்னவா இருந்தாலும் ஓம் எண்டு சொல்லட்டும், பூ விழுந்தா மனசில உள்ளதச் சொல்லட்டும். ஓம் எண்டு வந்தா அது காசு சொன்னதா மனசு சொன்னதா எண்டு உங்களுக்கும் தெரியாது, திண்ணையில இருக்கிற மகனுக்கும் தெரியாது. ஆனா மொத்தமா எண்ணலாம். உதாரணத்துக்கு 120 பேரில 78 பேர் ஓம் எண்டு சொன்னா, 60 பேர் அளவில காசாலதான் சொல்லியிருப்பாங்க, மிச்ச 60 பேரில 18 பேர் மனசால சொன்னது, அப்ப 30 வீதம். இதில ஆட்டம் கூட, நேராக் கேக்கிற அளவு நிச்சயம் வேணுமெண்டா நாலு மடங்குக்கு மேல ஆக்கள் வேணும். இருந்தாலும் அரைவாசிப் பேரிட்ட நேராவும் அரைவாசிப் பேரிட்ட காசு சுண்டியும் கேட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் இடையில வாற வித்தியாசம்தான் அந்த அம்மம்மா திண்ணையில இருந்து கடப்படிக்கு நடந்த தூரம்.

கடைசியா எண்ணுறதும் வாசிக்கிறதும். இஞ்சதான் படிச்ச ஆக்களும் பிழை விடுறாங்க. அமெரிக்காவில கலப் எண்ட சர்வே கம்பனி கனகாலமா ரெண்டையும் கேட்டு வருது. ஓரினத் திருமணத்துக்கு 1996ல 27 வீதம் ஆதரவு, 2024ல 69 வீதம். மீடியாவ நம்புறம் எண்ட ஆக்கள் 1976ல 72 வீதம், 2024ல 31 வீதம். ஒண்டு ஏறுது ஒண்டு இறங்குது, உடன சிலபேர் பாத்தீங்களா நம்பிக்கை உடைய உடையத்தான் இதெல்லாம் வருது எண்டு சொல்லுவாங்க. கல்லடிப் புதுப் பாலம் 2013ல திறந்தது, அதுக்குப் பிறகு எங்கட ஊரில ஸ்மார்ட் ஃபோனும் கூடிச்சு, பாலத்தாலயா ஃபோன் வந்தது? இன்னும் உள்ளுக்க போய்ப் பாத்தா கதை தலைகீழ். அதே 2024ல டெமக்ரட் கட்சி ஆக்கள்ல 54 வீதம் மீடியாவ நம்பினாங்க, ரிப்பப்ளிக்கன் கட்சி ஆக்கள்ல 12 வீதம்தான். ஓரினத் திருமணத்துக்கு டெமக்ரட்ல 83, ரிப்பப்ளிக்கன்ல 46. அப்ப மீடியாவ நம்புற கூட்டத்துக்குள்ளதான் ஆதரவும் கூட. வருஷத்துக்கு வருஷம் பாக்கிற கணக்கும் ஆளுக்கு ஆள் பாக்கிற கணக்கும் ஒண்டுக்கொண்டு எதிராப் போகலாம், அதால உங்கட கையில இருக்கிறது எது எண்டு தெரியாம முடிவு எழுதாதீங்க. நீங்க ஒரு மாசம் எடுத்த சர்வேயில காலத்தப் பத்தி ஒண்டும் சொல்ல ஏலாது.

எங்கட நாட்டுக் கணக்கும் தெரிஞ்சு வைங்க. பியூ எண்ட ஆய்வு நிறுவனம் 2023ல ஆசியக் கணக்கு வெளியிடக்குள்ள இலங்கையில ஆதரவு 23 வீதம், தாய்லாந்தில 60 எண்டு வந்திச்சு. தாய்லாந்தில 2025 ஜனவரியில சட்டமே நடைமுறைக்கு வந்திட்டு. ஆனா சனம் கூடினாத்தான் சட்டம் வரும் எண்டும் இல்ல, தைவான்ல 2018 சர்வஜன வாக்கெடுப்பில சனம் எதிராத்தான் போட்டது, அதுக்கு முதல் வருஷமே கோர்ட் சொன்னபடியால 2019 மே மாசம் சட்டம் வந்திச்சு. அயர்லாந்தில 2015ல சனமே வாக்குப் போட்டு 62 வீதத்தில கொண்டு வந்தது. அதால மட்டக்களப்பில 20 வந்தாலும் 40 வந்தாலும் இதுதான் நடக்கும் எண்டு எழுதாதீங்க, இப்ப இந்த ஊரில இவ்வளவு பேர் இப்பிடிச் சொன்னாங்க எண்டு மட்டும் எழுதுங்க.

உங்கட தாள்ல ஆதரவு, நம்பிக்கை ரெண்டையும் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு ஒரு அட்டவணை கீறுங்க. கீறிட்டு வயச வைச்சுப் பிரிச்சு மறுகா ஒருக்கா பாருங்க. பேப்பர நம்பாத ஆக்கள்தான் ஆதரவு எண்டு வந்தா, அந்த ஆக்கள் எல்லாம் 25 வயசுக்குக் குறைஞ்ச, பேப்பரே வாசிக்காத புள்ளையளா எண்டு முதல்ல பாக்கணும். 100 பேர வயசாலயும் ஊராலயும் பிரிச்சா ஒரு பெட்டியில ஆறு ஏழு பேர்தான் இருப்பாங்க, அதில வீதம் போட வேணாம், ஆறில நாலு பேர் எண்டே எழுதுங்க.

ரிப்போட் முடிய கம்பஸுக்குக் குடுத்திட்டு விட்டிராதீங்க. அந்த ஊருக்கே ஒருக்கா திரும்பிப் போங்க, வாசிகசாலையிலயோ மாதர் சங்கத்திலயோ ஒரு பின்னேரம் இருந்து, நீங்க சொன்னத நாங்க இப்பிடித்தான் எழுதியிருக்கம் எண்டு வாசிச்சுக் காட்டுங்க. நான் முதல் தரம் அப்பிடிச் செய்யக்குள்ள அந்த அம்மம்மாவும் வந்து பின் வரிசையில இருந்தா. காசு சுண்டின கணக்க வாசிக்கக்குள்ள ஒண்டும் சொல்லல்ல. முடிஞ்சு எல்லாரும் ஒழும்பிப் போகக்குள்ள கிட்ட வந்து, அடுத்த முறை வரக்குள்ள அந்தக் குத்திய எனக்கும் தா மகள் எண்டா.